யார் கையில் கொடுப்பது

துவக்கு வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று ஒருவரைச் சட்டம் சொல்லிவிட்டால், அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துவக்கு என்னாவது? கேட்கச் சின்னக் கேள்விதான். அமெரிக்கர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதனோடு முட்டிமோதிக் கொண்டிருக்கிறார்கள்.

பாரிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றோரை அங்கு 1968 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1994 இல், துணையை மிரட்டியதற்காக நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளைக்கு உள்ளானோரும், 1996 இல், குடும்ப வன்முறைக்காகச் சிறிய தண்டனை பெற்றோரும் அதற்குள் வந்தார்கள். ஆனால் 'வைத்திருக்காதே' என்ற மத்திய சட்டம், எப்போது, யாரிடம் கொடுப்பது என்று சொல்லவில்லை. அது மாநிலங்களின் தலையில் விழுந்தது. கலிபோர்னியாவில் பாதுகாப்புக் கட்டளை கைக்குக் கிடைத்து 24 மணித்தியாலத்துள் பொலிசிடமோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து, 48 மணித்தியாலத்துள் பற்றுச்சீட்டை நீதிமன்றில் காட்டவேண்டும். இவ்வளவு இருந்தும், தடைக்குள்ளாகியும் துவக்கோடு இருப்போர் என அம்மாநிலம் வைத்திருக்கும் பட்டியல் பல ஆண்டுகளாக 20,000 பேரைத் தாண்டியே நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வைத்திருக்கக்கூடாத ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பவன், அதை வைத்திருந்தேன் என்று தானே சாட்சி சொல்கிறான் அல்லவா? 1968 சனவரியில் ஹெயின்ஸ் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு நெருங்கிய ஒரு கேள்வியைத் தீர்த்தது. பதிவு செய்தால் குற்ற ஒப்புதல், செய்யாவிட்டால் அதுவே குற்றம் என்று ஒருவனை இரண்டு பக்கமும் நெருக்க முடியாது என்றது.

ஆனால் எங்களை உறுத்துவது வேறு. இன்னும் செய்யாத ஒன்றுக்காக ஒருவனிடமிருந்து பொருளைப் பறிக்கலாமா? ரெக்சாசைச் சேர்ந்த ரஹீமியின் வழக்கு இதைத்தான் கேட்டது. 2024 யூன் 21 அன்று எட்டு நீதிபதிகள், பிறரின் உயிருக்கு மெய்யான ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கண்டவனைத் தற்காலிகமாக நிராயுதபாணியாக்கலாம் என்றார்கள். நீதிபதி தோமஸ் மட்டும் உடன்படவில்லை. பழைய சட்டங்களில் இதற்கு ஒப்பானது எதுவும் இல்லை என்பது அவர் வாதம். நாங்கள் எட்டுப்பேர் பக்கம். துவக்கைக் கொடுத்தவன் ஒருநாள் அதைத் திரும்பப் பெறலாம். அதன் முன்னால் நின்றவளுக்கு அப்படி ஒருநாள் இல்லாமற் போகலாம்.

சரி, கொடுத்தாயிற்று. யார் கையில்? 2017 இல் இலினோய் மாநிலம் ஓர் இளைஞனின் துவக்கு அனுமதி அட்டையை ரத்துச்செய்தது. அவனது நான்கு துவக்குகளும் அனுமதி வைத்திருந்த தகப்பனிடம் போயின. சட்டப்படி எல்லாம் ஒழுங்கு. தகப்பன் பிறகு அவற்றை மகனிடமே கொடுத்துவிட்டார். 2018 ஏப்ரல் 22 அதிகாலை, நாஷ்வில்லில் ஒரு வாஃபிள் ஹவுஸ் உணவகத்தில் அவன் நால்வரைக் கொன்றான். இறந்தவர்களில் ஒருவர் அங்கு வேலை செய்தவர். சிகரெட் பற்ற வெளியே வந்து நின்றவர். (பின்கதவைத் திறந்து ஐந்து நிமிடம் வெளிக்காற்றில் நிற்பதன் அருமை சமையலறைகளில் நிற்கும் எங்களுக்குத் தெரியும்.) 2022 இல் நீதிமன்றம் தகப்பனையும் குற்றவாளியாகக் கண்டது. அவர் கெட்ட மனிதரா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. மகன் கேட்டால் தகப்பன் என்ன செய்வார்? சட்டம் காவலுக்கு வைத்தது, 'இல்லை' என்று சொல்ல மிகவும் கஷ்டப்படக்கூடிய ஒருவரை. பாசம் உள்ளவரிடம் கொடுப்பது கொடுப்பதே அல்ல, வீட்டுக்குள் இடம் மாற்றி வைப்பது.

கையளிப்பு என்றால் எங்களுக்கு 1987 ஓகஸ்ட், பலாலி நினைவுக்கு வரும். கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் எதை நம்பினார்கள் என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை; வாசகர்கள் அறிவார்கள்.

இனி நாங்கள் வாழும் சுவிஸ். இங்கு 1999 இல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத்தின் கீழ், சில நாடுகளின் பிரசைகள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் 12 ஆவது பிரிவு அந்த நாடுகளை வரிசையாகச் சொல்கிறது: துருக்கி, அல்ஜீரியா, அல்பேனியா என்று போகும் வரிசையில் இலங்கையும் உண்டு. விதிவிலக்கு வேண்டுமானால் கன்ரனிடம் கேட்கலாம். கோப்பை கழுவுகிறவனுக்குத் துவக்கு எதற்கு என்று எம்மவர் சிரிப்பார்கள். எங்களுக்கும் வேண்டாம்தான். ஆனால் ரஹீமிக்கு ஒரு நீதிபதி இருந்தார், அவன் செய்ததைப் பார்த்தார், அவனைப்பற்றித் தீர்ப்புச் சொன்னார். எங்களுக்குக் கடவுச்சீட்டின் அட்டையே போதுமாயிருந்தது. துவக்கிலிருந்து தப்பி ஓடிவந்தவனும் துவக்கோடு திரிந்தவனும் இந்தப் பட்டியலில் ஒரே ஆள்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் பிள்ளைகள் சுவிஸ் பிரசைகளாகி இராணுவ சேவைக்குப் போகிறார்கள். அரசே துவக்கைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறது. படைத்துவக்குகளை வீட்டில் வைக்காமல் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்ற யோசனையை 2011 பெப்ரவரியில் 56.3 வீதமானோர் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கும் தகப்பனின் வீட்டு அலுமாரிக்குள், மகனின் துவக்கு. ஆண்டுதோறும் கட்டாயச் சூட்டுப் பயிற்சிக்கு மகன் போகும்போது அதைத் தூக்கிக் காரில் வைத்தால் அது 'வைத்திருத்தல்' ஆகுமா என்று எங்கள் சமையலறையில் ஓர் அண்ணை கேட்டார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை.