இணைத் தாளங்கள்

கம்மாபுரத்திற்குத் தொலைவில் இல்லாத சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி நடைபெறுகிறது. அங்கே நட்டுவனார் கையில் ஒலிக்கும் இணைத் தாளங்களுள், மரபுப்படி ஒன்று இரும்பாலும் மற்றொன்று வெண்கலத்தாலும் ஆனது.

பாலித் தீவின் கமெலான் மேளம் செய்வோர் இதனினும் நுட்பமானதொன்றைச் செய்கின்றனர். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலப் பட்டைகளை இணை இணையாக அமைத்து, வேண்டுமென்றே ஒன்றின் சுருதி சற்றுத் தாழுமாறு அரத்தால் அராவுகின்றனர். ஒன்று நொடிக்கு 300 முறையும் அதன் இணை 306 முறையும் அதிர்ந்தால், நொடிக்கு 6 முறை ஒலி பெருகித் தணியும். அதனை அவர்கள் 'ஓம்பாக்', அதாவது அலை என்பர். இரண்டையும் ஒரே சுருதியாக்கினால் அலை மறையும்; நாதம் உயிரற்றுப் போகும்.

பாகப்பிரிவினையில் பகைத்த உடன்பிறந்தார் இருவரை முன்பொருமுறை ஒரே கருத்துக்குக் கொணர முயன்று தோற்றேன். ஒருவர் மற்றவராக மாற வேண்டுமென்று நான் கேட்டேன். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கச் செய்திருந்தால் போதுமாயிருந்தது.

ஆயினும், வேற்றுமையே அழகு என்று கூறிச் சாதியின் உயர்வு தாழ்வை நியாயப்படுத்தலாமா? ஆகாது. சுருதியில் தாழ்ந்த பட்டை மதிப்பில் தாழ்ந்ததன்று. இரண்டும் ஒரே வெண்கலம். இரண்டுக்கும் ஒரே மேளத்தில் இடம். ஒன்றை விலக்கி வைத்தால், எஞ்சியதும் அலையிழந்து தனித்தே ஒலிக்கும்.

எங்கே வேற்றுமை முடிந்து விலக்கம் தொடங்குகிறது? நம் தெருக்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் நின்று, இக்கேள்வியை நம்மையே கேட்போமாக.