செவப்பு வெள்ளியைக் கண்ட சகோதரி
(திருக்காட்சிப் பெருவிழா. நற்செய்தி: மத்தேயு 2:1-12)



போன வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயில் கதவைத் திறக்கிறேன். ரோட்டோரம் மில் வேனுக்குக் காத்து நின்ற நம் சகோதரி ஒருவர் கையில் தூக்குப்போசியோடு வாசலுக்கு வந்தார். "சாமி, அந்தச் செவப்பு வெள்ளியப் பாருங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தி இந்நேரத்துக்கு அதக் காணோமுங்க. இப்ப தென்னைக்கு மேல வந்துருச்சு. என்னங்க அது?"

தென்கிழக்கே பார்த்தேன். கரும்புக்காட்டைத் தாண்டி, தென்னை மட்டைகளுக்குக் கொஞ்சம் மேலே, அணையப்போகிற கங்கு மாதிரி ஒரு விண்மீன். கேட்டை. ராசிபலனில் ஆயிரம் தடவை காதில் விழுந்த பெயர். வானத்தில் அதைக் காட்டச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் காட்டுவோம்?

அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஒவ்வொரு மீனும் நேற்றைவிட இன்று நான்கு நிமிடம் முந்தி உதிக்கிறது. வாரத்துக்குக் கிட்டத்தட்ட அரை மணி. பூமி சூரியனைச் சுற்றி வருவதால் வருகிற வித்தியாசம் அது. இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வேன் தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறது, அவரும் ஒரே புளியமரத்தடியில் நிற்கிறார், கண் மேலே போகிறது. மூன்று வாரம் அப்படி நின்றதில் வானம் நகர்ந்ததைப் பிடித்துவிட்டார்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். மூன்று இராசாக்கள் என்று நாம்தான் சொல்கிறோம். அவர்கள் மூன்று பேர் என்றோ, அரசர்கள் என்றோ மத்தேயு எழுதவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளையும் மூன்றாக எண்ணிவிட்டோம். அவர் சொல்வது இதுதான்: கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் ஒரு விண்மீன் எழுந்ததைக் கண்டார்கள். வானத்தில் கண்ணுக்குத் தெரிவதே ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, இது ஒன்று புதிது என்று எப்படித் தெரிந்தது? பழையவற்றையெல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள். ஊர்க்காரர் முகமெல்லாம் பழகியவருக்குத்தான் தெருவில் புது ஆள் வந்தது தெரியும்.

நம் தமிழ்நாட்டிலேயே இப்படி ஒருவர் இருந்தார். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி. மீன்களின் இடத்தையும் ஒளியையும் இரவிரவாக அளந்து குறித்துவைப்பதுதான் அவருடைய வேலை. பாட்டில்லாத, கைதட்டல் இல்லாத வேலை. 1867-இல் தெற்கு வானத்து மீன் ஒன்றின் ஒளி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். குறித்து வைத்திருந்ததால்தானே மாறியது தெரிந்தது? அந்த ஆய்வகத்தின் வேலைதான் 1899-இல் நம் பக்கத்துக் கொடைக்கானல் மலைக்கு ஏறியது.

இன்னும் கிட்டத்தில் ஒன்று சொல்கிறேன். 2019 கடைசியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிகூட இல்லை. அது கக்கிய தூசியே அதை மறைத்தது என்று பிறகு சொன்னார்கள். தொலைநோக்கி வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அப்போதும் நான் குருவாகத்தான் இருந்தேன், இரவில் கதவு பூட்ட வெளியே வரத்தான் செய்தேன். ஒன்றும் கவனிக்கவில்லை. ஞானிகள் பற்றி வருடா வருடம் பிரசங்கம் வைக்கிறவன்!

ஏரோதின் அரண்மனையிலும் என்னைப் போன்றவர்கள் இருந்தார்கள். மெசியா எங்கே பிறப்பார் என்று கேட்டதும் இறைவாக்கினர் மீக்காவிலிருந்து பெத்லகேம் என்று பட்டென்று பதில் சொன்னார்கள். சரியான பதில். எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. நமக்கு உடுமலை அதைவிடத் தூரம். ஒருவர்கூடக் கிளம்பியதாக நற்செய்தியில் இல்லை. புத்தகத்தைத் தெரிந்தவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். வானத்தைப் பார்த்த வெளிநாட்டார் வந்து விழுந்து வணங்கினார்கள்.

உடனே யாராவது என்னிடம் ஜாதகக் கட்டைக் கொண்டுவர வேண்டாம். மகளுக்குக் கேட்டை நட்சத்திரம் என்று சம்பந்தம் தட்டிப் போவதை இந்த ஊரில் பார்க்கிறேன், நம் வீடுகளிலும் பார்க்கிறேன். அந்த மீன் கோடிக்கணக்கான கோடி கிலோமீட்டருக்கு அப்பால் எரிகிறது. ஒரு பெண்ணுடைய கணவனின் அண்ணனை அது என்ன செய்யும்? ஞானிகளை விண்மீன் ஆட்டிவைக்கவில்லை. குழந்தை இருந்த இடத்துக்குக் கூட்டிப் போனது, அவ்வளவுதான்.

சரி, எதைப் பார்ப்பது? இந்த வாரம் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று மீன் தெரியும். சில நாடுகளில் அவற்றுக்கே மூன்று இராசாக்கள் என்றுதான் பெயர். அவற்றுக்கு இடப்பக்கம் சிவந்து நிற்பது திருவாதிரை. தலைக்கு மேலே கொத்தாகக் கார்த்திகை. ஆறு என்பார்கள், உங்கள் கண்ணுக்கு எத்தனை என்று எண்ணுங்கள். அடுத்த ஞாயிறு அதே எட்டு மணிக்கு, அதே திண்ணையில் நின்று பாருங்கள், எல்லாம் ஒரு படி ஏறியிருக்கும். மாதக் கடைசியில் பத்து மணிவாக்கில் தெற்கே மலைக்கு மேல் தனியாக ஒன்று மின்னும். அது அகத்தியர். தைப்பூசத்துக்கு நம் ஊர் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் நிலா முழுதாகிற கணக்கில்தான் வருகிறார்கள். தண்ணீர் கொடுங்கள், கூடவே நிலாவையும் பாருங்கள். நம் உயிர்ப்பு ஞாயிறும் இளவேனில் முழுநிலாவை வைத்துத்தான் குறிக்கப்படுகிறது.

தடையாக இருப்பது ஒன்றுதான்: விளக்கு. கோயில் முகப்பில் இந்தக் கண்ணைப் பறிக்கிற விளக்கை மாட்டச் சொன்னதும் நான்தான். கிறிஸ்துமஸுக்கு நாம் கட்டிய மூங்கில் நட்சத்திரத்தை இன்று மாலை இறக்குகிறோம். காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்து, உள்ளே ஈசல் சிறகுதான் மிச்சம். ஏணி பிடிக்க இரண்டு பேர் வேண்டும். அது இறங்கியதும் எட்டு மணிக்கு எல்லா விளக்கையும் பத்து நிமிடம் அணைக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், செல்போனைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். மேகமாக இருந்தால் நாளைக்கு.