கையை விட்டால் வினை விடுமோ?



நம் இல்லங்களில் தண்ணீரை வடிகட்டாமல் பருகுவதில்லை. கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்கின்றோம். விளக்கேற்றினால் அதில் விட்டில் விழுந்துவிடுமோ என்று அஞ்சி மூடி வைக்கின்றோம். வீட்டிற்குள் வரும் பொருளிடத்து இத்துணை விழிப்புடன் இருக்கும் நாம், வீட்டை விட்டு வெளியே செல்லும் பொருளிடத்தும் அதே விழிப்புடன் இருக்கின்றோமா? முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு, எழுபது வயதைக் கடந்த பின்னரே இவ்வினா எழுந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன். அதனை என்னுள் எழுப்பியவர் எங்கள் ஊராட்சியின் தூய்மைக் காவலராகிய ஓர் அம்மையார்.

ஓய்வு பெற்ற பின் நான் வாழ்வது மாமல்லபுரத்திற்கு அணித்தே உள்ள ஒரு சிற்றூரில். நாள்தோறும் காலையில் அவ்வம்மையார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். ஊதல் ஒலி கேட்டதும் வீட்டிற்கு ஒருவராகப் பையுடன் வெளியே வருவோம். ஒருநாள் என் கை தவறிக் கண்ணாடிக் குவளை ஒன்று உடைந்தது. துண்டுகளைக் கூட்டி அள்ளி, முந்தைய நாளின் காய்கறித் தோலும் சோறும் இருந்த பையிலேயே போட்டு முடிந்து வாசலில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் வலக்கையில் துணி சுற்றியிருக்கக் கண்டு, என்ன ஆயிற்று என்று வினவினேன்.

"குப்பையில கண்ணாடி கெடந்துச்சுங்க டீச்சரம்மா. எந்த வீட்டுதுன்னு தெரியல. பரவாயில்லீங்க."

எந்த வீட்டினது என்பதை நான் அறிவேன். ஆயினும் அன்று வாய் திறக்கவில்லை. இரவெல்லாம் உறக்கமின்றிக் கழித்து, மறுநாள் காலையில்தான் உண்மையைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "ஒரு வார்த்த சொல்லிக் குடுத்திருந்தா தனியா வாங்கியிருப்பேனேம்மா" என்றார். அவ்வளவே.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பத்தைக் காணாதார் நம்மில் அரியர். அதில் ஒரு பூனை நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்கின்றது. அதன் அடியில் எலிகள் அஞ்சாது நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் பொய்த்தவத்திற்கு உவமையாக அப்பூனையைக் காட்டிச் சிரித்திருக்கின்றேன். அந்தக் காலைப்பொழுதிலோ, பூனையின் இடத்தில் நானே நிற்பதாகத் தோன்றிற்று.

நிற்க. இதனால் எழும் அறவினா யாது? ஒரு பொருள் என் கையை விட்டு அகன்றதும் அதனால் விளையும் தீங்கும் என்னை விட்டு அகன்றுவிடுமா என்பதே.

"நான் எவரையும் வருத்த எண்ணவில்லையே" என்று ஒருவர் கூறலாம். நம் அறம் அவ்விடையை முழுதும் ஏற்பதில்லை. விழிப்பின்மையாகிய பிரமாதத்தினால் உயிர்க்கு ஊறு செய்தலையே இம்சை என்று நம் ஆசாரியர்கள் வரையறுத்தனர். கண் வைத்து நடக்கும் முனிவரின் காலடியில் அவரறியாது ஓர் உயிர் மடியினும் அவர்க்குக் குற்றமில்லை. விழிப்பின்றி நடப்பவன் காலடியில் எவ்வுயிரும் மடியாதிருப்பினும் அவன் குற்றமுடையவனே. அக்கண்ணாடித் துண்டுகளை முடிந்தபோது எனக்குத் தீய எண்ணம் இல்லை என்பது மெய். எண்ணமே இல்லை என்பதும் மெய். அந்த எண்ணமின்மையே என் குற்றம்.

இனி, "கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கின்றோம், எஞ்சியது அவர்கள் பொறுப்பு" என்று வேறொருவர் கூறலாம். வினையானது தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவகையாலும் வந்து சேரும் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். என் குப்பையைத் தெருமுனையில் எரிப்பவர் வேறொருவராக இருக்கலாம். எரிக்கும் நிலைக்கு அதனைக் கலந்து கொடுத்தவள் நானன்றோ? முடிந்த பையைச் சோற்று மணம் கண்டு தின்று, வயிற்றில் பிளாஸ்டிக் அடைந்து துன்புறும் பசுவை யார் வருத்தினார்? எங்கள் கரையில் தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் வழியில் அறுந்த வலைகளும் பைகளும் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தது கடலன்று; வாய்க்கால் ஓரத்தில் நாம் இட்டவற்றை மழை கொண்டு போயிற்று, கடல் திருப்பித் தந்தது.

துறவியர்க்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் இறுதியானது, கழிக்கப்படும் பொருளை உயிரில்லா இடம் கண்டு, பார்த்து, மெல்ல இடுதல். இச்சமிதி இல்லறத்தார்க்கு முழுமையாக உரியதன்று. ஆயினும் பெற்றுக்கொள்வதில் காட்டும் கவனத்தைக் கழிப்பதிலும் காட்டவேண்டும் என்னும் அதன் உட்பொருள் நமக்கும் உரியதே. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்கும் அனர்த்த தண்ட விரதமோ நமக்கென்றே விதிக்கப்பட்ட குணவிரதம். தரம் பிரிக்க இரண்டு நிமிடம் செலவிடாமையால் விளையும் தீங்கைவிடப் பயனற்ற தீங்கு வேறெது?

இங்கே ஓர் ஐயத்தையும் ஆராய வேண்டும். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார், கொல்லையில் நான் வெட்டியிருந்த உரக்குழியைக் கண்டு வருந்தினார். "அண்ணி, இந்தக் குழியில் எத்தனை புழுவும் பூச்சியும் பிறந்து மடியும்! வண்டியில் கொடுத்துவிட்டால் அந்தப் பாவம் நம்மைச் சேராதே" என்றார். அவர் சொல் எளிதில் தள்ளத்தக்கதன்று. பல நாள் அதனை எண்ணிப் பார்த்தேன். காய்கறித் தோல் எங்கே சென்றாலும் அங்கே உயிர்கள் தோன்றவே செய்யும். குப்பைமேட்டில் அது பிளாஸ்டிக்கோடு கலந்து, காற்றுப் புகாமல் அழுகி, தீப்பற்றும் வாயுவை உண்டாக்குகின்றது. பின் அம்மேடு எரிகையில் அதிலுள்ள உயிரனைத்தும் வேகின்றன. கண்ணுக்கு மறைந்த இடத்திற்கு அனுப்பினால் நம் பார்வை தூய்மையாகுமேயன்றி வினை தூய்மையாகாது. முழுதும் தீங்கற்ற வழி இல்லறத்தார்க்கு இல்லை. தீங்கு குறைந்த வழியைத் தேர்வதே நமக்கு விதிக்கப்பட்டது. எனவே முதற்கண் இலையில் மிச்சம் வைக்காமலும், அளவறிந்து சமைத்தும் குழிக்குச் செல்வதையே குறைக்கின்றேன். பின் இடுவதன்மேல் சருகும் சவுக்கு இலையும் உலர்ந்த மண்ணும் பரப்புகின்றேன், கொதிநீர் ஊற்றுவதில்லை, தீ வைப்பதில்லை. இரண்டு மூன்று திங்களில் அது மண்ணோடு மண்ணாகின்றது. நாத்தனார் முற்றும் உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊர் திரும்பிய பின், தம் வீட்டிலும் குழி வெட்டச் சொன்னதாகத் தெரிவித்தார்.

அடுத்து, பொருள் பற்றிய வினா. ஓர் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் கூடிய எங்கள் கிராம சபையில், வீட்டிற்கு மாதம் ஒரு சிறு தொகை பெறலாமா என்ற பேச்சு எழுந்தது. "வீட்டு வரி செலுத்துகின்றோமே, இன்னும் எதற்கு?" என்று எழுந்து கேட்டவர்களுள் நானும் ஒருத்தி. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆசிரியைக்குக் கணக்கு பொய் சொல்லாது. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவில், 2020 இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தின்படி, 5,000 பேர் வரை வாழும் ஊருக்குத் திடக்கழிவு மேலாண்மைக்கெனத் தலைக்கு ரூ.60 வரை வகுக்கப்பட்டது. 3,000 பேர் வாழும் ஊரெனில் அது ரூ.1,80,000. குழி, கொட்டகை, வண்டி ஆகியவற்றிற்கு ஒருமுறை உதவும் தொகை அது. ஆண்டுதோறும் வண்டியைத் தள்ளுவார்க்குக் கூலியாகாது. 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்திற்குமென ஒதுக்கி வைக்கப்பட்டது. அதிலும் குழாய்க்கும் குப்பைக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே ஊரில் 750 வீடுகள் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் மாதம் ரூ.30 கொடுப்பின் ரூ.22,500 சேரும். கையுறைக்கும் காலணிக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் கூடுதல் ஊதியத்திற்கும் அது பேருதவியாகும்.

இது புதிய வழியுமன்று. 1989 இல் சென்னையில் திரு. எம்.பி. நிர்மல் அவர்கள் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், தெருவார் தாமே மாதந்தோறும் சிறு தொகை திரட்டி, தங்கள் தெருவிற்கு ஒரு பணியாளரையும் வண்டியையும் அமர்த்திக்கொள்ளும் முறையைப் பரப்பியது. மாமல்லபுரம் பேரூராட்சியாக இருந்த காலத்தில், காஞ்சிபுரம் பகுதியில் தோன்றிய ஹேண்ட் இன் ஹேண்ட் தொண்டு நிறுவனம் அங்கே வீடு வீடாகக் குப்பையைத் தரம் பிரித்துப் பெற்று, உரமாக்கி, உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் பணியையும் செய்தது. கழிவு என்பது பிரிக்கப்படும் வரையில்தான் கழிவு. பிரிக்கப்பட்டபின் தாள் தாளாகவும், இரும்பு இரும்பாகவும், தோல் உரமாகவும் ஆகின்றது. விலைபோகாத மெல்லிய பிளாஸ்டிக்கும், தூய்மையாகக் கிடைப்பின், தார்ச்சாலைக்குப் பயன்படும். இம்முறையைக் கண்ட மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் அவர்களுக்கு 2018 இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஆயினும் சோற்றோடு கலந்த பையை எவரும் வாங்குவதில்லை. ஆகவே நாம் கொடுக்கும் ரூபாயைவிட, பிரித்துக் கொடுக்கும் கையே பெரிய நிதி.

அத்தொகையைத் தானம் என்று கருதுதல் கூடாது என்பதும் என் துணிபு. தானம் ஈவோர்க்குப் புண்ணியம் தருவது. இதுவோ நாம் பட்ட கடனைத் தீர்ப்பது. கடன் தீர்த்தோம் என்று ஒருவரும் பெருமை பேசுவதில்லை. அவ்வாறே, கடன் அவரவர் பட்ட அளவிற்கே இருத்தல் வேண்டும். கடலோரக் குப்பத்தில் தனித்து வாழும் முதியவளும், நூறு அறைகள் கொண்ட விடுதியும் ஒரே தொகை தருதல் நீதியன்று. 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும், உணவகங்களும் விடுதிகளும் தம் கழிவைத் தாமே பிரித்து ஒப்படைக்கவேண்டுமெனப் பொறுப்புச் சுமத்தின. அதே ஆண்டின் பிளாஸ்டிக் விதிகள், உறையிட்டு விற்கும் உற்பத்தியாளரையும் அதற்குப் பொறுப்பாக்கின. எனினும் பெரியவர் செய்யாததைக் காட்டிச் சிறியவராகிய நாம் செய்யாதிருத்தல் அறமாகாது.

2019 அக்டோபர் 12 ஆம் நாள் மாமல்லபுரம் வந்திருந்த நம் பிரதமர், காலையில் கடற்கரையில் குப்பை பொறுக்கிய காட்சியை நாடே கண்டது. பொறுக்கும் கையைப் புகழ்ந்தோம், நல்லது. அதே ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்குத் தமிழ்நாட்டில் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 திசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆனால் போடாத கையை எவரும் படம் பிடிப்பதில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் அந்தக் காணப்படாத கைக்குரியது. வாங்காத பொருள் குப்பையாவதில்லை.

நம் சமூகத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் ஆலய விழாக்களில், அபிஷேகம் முடிந்து அறவுரை கேட்டு எழும்போது, மண்டபத்தின் பின்புறம் நெகிழிக் குவளைகள் குவிந்து கிடத்தலை நானே பலமுறை கண்டிருக்கின்றேன். உயிரிரக்கம் பற்றிய உரையைக் கேட்ட செவியுடனேயே அவற்றைக் கடந்து வந்திருக்கின்றேன். எவர்சில்வர் குவளைகளைச் சங்கத்தின் சார்பில் வாங்கி வைப்பதும், விழாச் செலவில் ஒரு பங்கை அவ்வூர்த் தூய்மைக் காவலர்க்கு உரிய ஊதியமாக முன்னரே எழுதி வைப்பதும் அரிய செயல்கள் அல்ல. இல்லங்களில் ஈரக்கழிவு, உலர்கழிவு, உடலுக்கு ஊறு செய்வன என மூன்றாகப் பிரித்து வைப்பதைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடலாம். அவர்கள் நம்மைவிட விரைவில் கற்பர்.

அடுத்த கிராம சபையில் எழுந்து, என் முன்னைய கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று சொன்னேன். சிலர் சிரித்தனர். என்னிடம் படித்த ஒருவர் மட்டும், "டீச்சரே தப்பைத் திருத்திக்கிட்டாங்க" என்றார். அதனை மதிப்பெண்ணாகவே ஏற்றுக்கொண்டேன்.

சென்ற திங்கள் மீண்டும் ஒரு குவளை உடைந்தது. முதுமையில் கை நடுங்குகின்றது. துண்டுகளைத் தடித்த தாளில் சுற்றிக் கயிற்றால் கட்டி, வண்டி வரும் வரை திண்ணையில் காத்திருந்து, "அம்மா, இது கண்ணாடி" என்று சொல்லி அவரிடம் நேரே கொடுத்தேன். அவர் அதனை வண்டியின் பக்கவாட்டில் தனியே செருகிக்கொண்டார். கையில் பட்ட காயத்தின் தழும்பு இன்னும் மறையவில்லை. அதனைக் காணும்தோறும் என் வினையின் கணக்கும் முடியவில்லை என்றே உணர்கின்றேன்.

அறம் வளர்க!