யாருடைய மாடு?

2024 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்தில் லண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்டெய்ன்ஸ் என்னும் ஊரில், பத்து மாதம் மதிக்கத்தக்க கன்று ஒன்று தப்பி வீதிக்கு வந்துவிட்டது. சர்ரே பொலிஸாரின் கார் ஒன்று அதனை முட்டித் தள்ளியது. பின்னர் மீண்டும் ஒருமுறை முட்டியது. யாரோ எடுத்த காணொளி உலகம் முழுவதும் பரவியது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ஜேம்ஸ் கிளெவர்லி, இது தேவைக்கு மிஞ்சிய கடுமையாகத் தெரிகிறதென்று கூறி விளக்கம் கோரினார். காரைச் செலுத்தியவர் களப்பணியிலிருந்து விலக்கப்பட்டார். பொலிஸார் தம் பக்கத்தையும் சொன்னார்கள். பல மணி நேரம் பிடிக்க முயன்றும் முடியவில்லை, கார் ஒன்றுக்குச் சேதம் ஏற்பட்டது, கன்று ஆட்களை நோக்கி ஓடியது என்றார்கள். காலில் வெட்டுக் காயத்தோடும் உடலில் சிராய்ப்புகளோடும் கன்று உயிர் பிழைத்தது.

அதற்கு மூன்றாம் நாள் நமது நாட்டில் ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் அந்தக் காணொளி வந்து கிடந்தது. “குர்பான் கொடுக்கும் நம்மைக் கொடியவர்கள் என்பவர்களின் இலட்சணத்தைப் பாருங்கள்” என்ற குறிப்பும் கூடவே இருந்தது. பலர் மகிழ்ந்திருந்தார்கள். என்னால் மகிழ முடியவில்லை. அதற்கு முந்திய வருடத்து மாடு ஒன்று என் நினைவில் வந்து நின்றது.

2023 இல் நாங்கள் ஏழு பேர் பங்கு சேர்ந்து உழ்ஹிய்யாவுக்கு ஒரு நாம்பன் வாங்கினோம். மாட்டை ஏற்றிவருவதற்கான பத்திரத்தில் இருந்த குறி வேறு, மாட்டின் தொடையில் சுட்டிருந்த குறி வேறு. “அதெல்லாம் ஆரு பாக்கப்போறாங்க சேர்” என்றார் விற்றவர். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. பெருநாளுக்கு இரண்டு நாட்களுக்கு முன், அந்தி மயங்கும் வேளையில், லொறி எங்கள் கிராமத்தை அடுத்த நகரத்தின் சந்தையடியில் நின்றது. வேறொரு கூட்டத்தாரின் மாட்டை இறக்குவதற்காகப் பின்கதவைத் திறந்தபோது எங்கள் நாம்பன் பாய்ந்தது. பழைய கயிறு, அறுந்துவிட்டது.

முதலில் ஓடியது மாடு. அதன் பின்னால் ஓடியவர்கள் எங்கள் பிள்ளைகள். நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடித்தபடி துரத்தின. பின்னாலிருந்தவர்களின் கையில் தொலைபேசி. பழக்கடை ஒன்றின் பலகை சரிந்தது. பாடசாலைச் சிறுமியொருத்தி மதிலோடு ஒட்டி நின்று அழுதாள். சைரன் ஒலியோடு பொலிஸ் ஜீப் வந்தது. அந்த ஒலியைக் கேட்டு மாடு இன்னும் மிரண்டது. இறங்கிய சார்ஜன்ட் அதனைக் கண்டுகொண்டிருக்க வேண்டும். சைரனை நிறுத்தச் சொன்னார், ஜீப்பை வீதிக்குக் குறுக்கே விட்டு வாகனங்களை மறித்தார். பிறகு எங்களைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:

“இது யார் மாடு?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பங்காளிகள் ஏழு பேரில் ஐந்து பேர் அங்கே நின்றோம். அறுந்த கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது. நான் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அந்த மௌனத்துக்குக் காரணங்கள் உண்டு. பத்திரம் பிழை என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பயமும் ஒன்றிருந்தது. மாடறுப்பைத் தடைசெய்யும் பிரேரணைக்கு 2020 இல் அமைச்சரவையே அங்கீகாரம் வழங்கிய நாடு இது. ஒரு முஸ்லிமின் மாடு வீதியில் ஓடினால் மறுநாள் ஒரு சமூகத்தின் மீதே பேச்சு எழும். ஆகவே, மாடு எவருடையதும் இல்லை என்றிருப்பதே நல்லது என்று எங்களுக்குத் தோன்றியது.

சார்ஜன்ட் இரண்டாம் முறையும் கேட்டார். எங்களுக்கு அது வழக்குப் போடுவதற்கான கேள்வியாகவே பட்டது. இன்று யோசிக்கும்போது அவருக்கு வேறு தேவைகள் இருந்தன என்று தெரிகிறது. இது முட்டுகிற மாடா, பழகிய மாடா? எந்தக் குரலுக்குத் திரும்பும்? கூட நின்ற மாடு லொறியில் இருக்கிறதா? இவற்றை உடையவன்தான் சொல்ல முடியும். உடையவன் இல்லாத மாட்டின் முன் பொலிஸாரிடம் எஞ்சியிருப்பது பலம் ஒன்றுதான். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளின் தோளில் துப்பாக்கி தொங்கியது.

இதற்கிடையில் எங்கள் பிள்ளைகள் மறுபடியும் மோட்டார் சைக்கிளை முறுக்கினார்கள். மாடு திரும்பி ஓடி, மூடியில்லாத வடிகானுக்குள் முன்காலை விட்டு விழுந்தது. எழுந்தபோது அந்தக் காலை ஊன்றவில்லை.

கடைசியில் வந்தவர் ஒரு வயோதிபர், தமிழர், ஆற்றங்கரையில் பட்டி வைத்திருப்பவர். ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். “ஓடாதீங்க தம்பிமாரே, நீங்க ஓடினா அதுவும் ஓடும். வெளிச்சத்தை முகத்துக்கு அடிக்காதீங்க” என்றார். சார்ஜன்ட் கூட்டத்தைப் பின்தள்ளினார். பசுவை நடுவீதியில் நிறுத்திவிட்டு அந்தப் பெரியவர் சும்மா நின்றார். கால் மணி நேரம் சென்றிருக்கும். நாம்பன் நொண்டி நொண்டி வந்து பசுவின் விலாவோடு தலையை வைத்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நாங்கள் மௌலவியிடம் போனோம். நாங்கள் கேட்ட முதல் கேள்வி, “இந்த மாடு குர்பானுக்கு நிறைவேறுமா?” என்பது. வெளிப்படையாக நொண்டும் பிராணி உழ்ஹிய்யாவுக்கு ஆகாது என்றார் அவர். பங்குப் பணம் போய்விட்டதே என்று கவலைப்பட்டோம். அதற்கு வலிக்குமா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த அனுபவத்தோடுதான் நான் ஸ்டெய்ன்ஸ் காணொளியைப் பார்த்தேன். நகரத்துக்குள் தப்பி வந்த கால்நடையைப் பொலிஸார் எவ்வாறு கையாள வேண்டும் என்பது பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆனால் அதிகாரமுள்ளவன், தான் செய்த குற்றம் இன்னதென்று அறியாத, சொன்னாலும் விளங்காத ஓர் உயிரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் உள்ளே இருக்கிறது.

நமது மார்க்க மூலங்களில் இந்த விடயம் புதியதன்று. ஸஹீஹுல் புகாரியில் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரழி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் உண்டு. ஒரு பயணத்தில் ஒட்டகம் ஒன்று மிரண்டு ஓடிவிட்டது. தோழர்கள் அதனைத் துரத்திக் களைத்துப்போனார்கள். இறுதியில் ஒருவர் அம்பெய்து அதை நிறுத்தினார். வீட்டுப் பிராணிகளுள்ளும் காட்டு மிருகம் போலாகிவிடுபவை உண்டென்றும், கைமீறிப்போனால் அவ்வாறே செய்யலாமென்றும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆகவே பலத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்ல நமக்கு இடமில்லை. நெரிசலான வீதியில் மிரண்ட காளை ஒரு குழந்தையைக் கொன்றுவிடக்கூடும். அந்தச் சிறுமி மதிலோடு ஒட்டி நின்றதை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்த ஹதீஸில் உள்ள வரிசையைக் கவனிக்க வேண்டும். துரத்திப் பார்த்தார்கள், களைத்தார்கள், வேறு வழியில்லை என்றான பின்னரே அம்பு வந்தது. நிர்ப்பந்தத்தால் ஆகுமாவது அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்க வேண்டும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளவும் பிராணிக்கு இலகுவாக்கவும் கட்டளையிட்ட மார்க்கம், பிடிக்கும்போது அந்த இலகுவைக் கைவிடச் சொல்லுமா? ஸ்டெய்ன்ஸ் பொலிஸார் பல மணி நேரம் முயன்றதாகக் கூறுவதை நான் மறுக்கவில்லை. முதலாவது மோதலுக்கு அவர்கள் காட்டும் நியாயம் இரண்டாவதற்கும் பொருந்துமா என்பதுதான் என் கேள்வி.

வழிகள் இல்லாமலில்லை. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்தவை. ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும், நேர் பின்புறம் மட்டும் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து வரும் ஓசை அதற்குப் பேரச்சம். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை உண்டு. அதற்குள் நாம் நுழைந்தால் அது விலகி ஓடும், நாம் பின்வாங்கினால் நிற்கும் என்று அமெரிக்கரான டெம்பிள் கிராண்டின் விளக்கி எழுதியிருக்கிறார். எங்கள் பட்டிக்காரப் பெரியவர் அவரைப் படித்தவரல்லர். ஆனால் செய்தது அதைத்தான். மந்தையாக வாழும் பிராணி தனித்து நிற்கும்போதுதான் அதிகம் மிரளும். இன்னொரு மாட்டைக் கண்டால் ஆறும். மயக்க ஊசியை எய்தாலும் மாடு உடனே விழாது. சில நிமிடங்கள் செல்லும், மிரண்ட உடலில் மருந்து மேலும் தாமதிக்கும். கட்டடங்களுக்கிடையே சுடப்படும் தோட்டா தெறித்து யாரையும் தாக்கலாம்.

எனவே பொலிஸார் முதலில் அடக்க வேண்டியது மனிதரை. சைரனை நிறுத்துதல், வாகனங்களை மறித்தல், கூட்டத்தையும் மோட்டார் சைக்கிள்களையும் அகற்றுதல், மதில் சூழ்ந்த மைதானம் போன்ற ஓர் இடத்தைத் திறந்து விடுதல், பட்டிக்காரரையும் மிருக வைத்தியரையும் அழைத்தல் என்பன அவர்களால் இயலும். அவர்களின் தொலைபேசி இலக்கங்கள் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் முன்கூட்டியே இருப்பது பெரிய செலவல்ல. ஆட்களின் உயிருக்கு உடனடி ஆபத்து, வேறு வழியுமில்லை என்னும்போது, அந்த வேலை தெரிந்தவர் ஒரே முறையில், வலி நீடிக்காமல் முடிக்க வேண்டும். வாகனத்தால் முட்டுவது இதில் எதிலும் சேராது. வகுப்பறையிலிருந்து பயந்தோடும் பிள்ளையைப் பிரம்போடு துரத்தும் ஆசிரியர் அவனை வீதிக்கே விரட்டுகிறார் என்று ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். பயம் குற்றமல்ல என்பதுதான் அந்தப் பாடம்.

இத்தோடு முடித்துக்கொண்டால் பொலிஸாருக்குப் பாடம் நடத்திவிட்ட திருப்தியோடு நான் பேனாவை மூடிவிடலாம். ஆனால் சார்ஜன்டின் கேள்வி அப்படியே நிற்கிறது.

சூரத்துல் அன்பியாவில் தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகியோரின் தீர்ப்பு ஒன்று வருகிறது. இரவில் ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் பயிருக்குள் புகுந்துவிட்டன. நஷ்டத்துக்கு ஈடாக ஆடுகளையே பயிர்க்காரருக்குக் கொடுத்துவிடுமாறு தாவூத் (அலை) தீர்ப்பளித்ததாகவும், பயிர் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டுக்காரர் நிலத்தைப் பார்க்க, பயிர்க்காரர் ஆடுகளின் பயனை அனுபவிக்கட்டும் என்று ஸுலைமான் (அலை) வழி சொன்னதாகவும் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். பராஉ இப்னு ஆஸிப் (ரழி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்துக்குள் புகுந்து சேதம் செய்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை, இரவில் பிராணிகள் செய்யும் சேதத்துக்கு அவற்றின் சொந்தக்காரரே பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்த்தார்கள். வாயில்லாப் பிராணி தானாகச் செய்யும் காயத்துக்கு ஈடில்லை என்ற ஹதீஸும் உண்டு. இம்மூன்றிலும் எவரும் பிராணியைத் தண்டிக்கவில்லை. ஸுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பு அழகாக அமைந்ததற்கு, அங்கே ஆட்டுக்காரர் முன்னால் நின்றதும் ஒரு காரணம். அவர் ஒளிந்திருந்தால் எந்த ஞானியாலும் அப்படித் தீர்ப்பளித்திருக்க முடியாது.

நமது நாட்டுச் சட்டங்களும் பழையவை. கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் 1876 ஆம் ஆண்டினது. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 இல் வந்தது. அதில் விதிக்கப்பட்ட உச்சத் தண்டம் நூறு ரூபா. உள்ளூராட்சி மன்றங்கள் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துத் தண்டம் அறவிடுகின்றன. தண்டம் கட்டி மாட்டை மீட்கிறவன் மறுநாளே அவிழ்த்து விடுகிறான். சட்டம் எவ்வளவு திருந்தினாலும், “அது என் மாடு” என்று சொல்ல ஒருவன் முன்வராதவரை அதன் பாரம் மாட்டின் முதுகிலேயே விழும்.

எங்கள் பயத்தை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பயத்துக்கு ஒரு நாக்கு இருந்தது. வழக்கு வந்திருந்தால் பத்திரம் பிழையென்று ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியிருக்கலாம். மாட்டின் பயத்துக்குக் கால்கள் மட்டுமே இருந்தன. அதில் ஒன்றை நாங்கள் முறித்தோம். பொலிஸார் முறிக்கவில்லை.

அந்த நாம்பன் பட்டிக்காரப் பெரியவரிடமே நின்றது. கொஞ்சம் மஞ்சளும் நல்லெண்ணெயும் போட்டுக் கட்டியிருந்தார். நாங்கள் மேலும் பணம் போட்டு வேறொரு மாடு வாங்கினோம். பெருநாள் முடிந்த பின் நான் அவரிடம் சென்று மாடு எங்களுடையதுதான் என்றேன். “தெரியும் சேர், அண்டைக்கே உங்கட கையில கயிறு இருந்ததே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சார்ஜன்ட் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அவரிடம் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. பெருநாள் காலையில் அந்த வட்ஸ்அப் குழுவில் எழுத நினைத்து எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஸ்டெய்ன்ஸ் கன்றைப் பார்த்து வெள்ளைக்காரனைத் திட்டுமுன், இந்தப் பெருநாளைக்கு வாங்கும் மாட்டின் கயிறு புதியதா, பத்திரம் சரியா, இறக்கும் இடத்துக்கு வேலி உண்டா, பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்போம். அப்படியும் தப்பி ஓடினால், யாராவது ஒருவர் பொலிஸ்காரருக்கு முன்னால் போய் நிற்போம்.

அது எங்களுடைய மாடு.