எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை

நம் எல்லோருடைய வாரமும் வேலையால் நிறைந்து கிடக்கிறது. இன்று, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு தரங்கம்பாடியில் ஓர் இளைஞர் தம் வேலை நாளை எப்படிப் பங்கிட்டார் என்பதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் பார்த்தலோமேயுஸ் சீகன்பால்கு. ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், உடல்நலமும் அத்தனை உறுதியானதில்லை. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் கிறித்தவ சமயப் பணிக்காக அனுப்பிவைக்க, நண்பர் புளூட்சாவுடன் கப்பலேறினார். கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல் ஏழு மாதத்துக்கும் மேலாகக் கடலில் அலைந்து, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. கரையில் வரவேற்பு எதுவும் இல்லை. டேனிஷ் கோட்டையின் தளபதிக்கு இந்தப் பாதிரியார்கள் வந்ததே பிடிக்கவில்லை. ஊருக்குள் கால் வைத்த அன்று எங்கே தங்குவது என்றுகூடத் தெரியாமல் தெருவில் நின்றார்கள் இருவரும்.

நண்பர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கடற்கரையில் அப்போது புழங்கிய போர்த்துகீசிய மொழி புளூட்சாவுக்கு, தமிழ் சீகன்பால்குக்கு. இலக்கணப் புத்தகமோ அகராதியோ அவர் கையில் இல்லை. அதனால் முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தச் சொன்னார்கள். பல்கலைக்கழகம் பார்த்துவிட்டு வந்த பாதிரியார், சிறுவர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்.

ஓராண்டுக்குள் பேசவும் பிரசங்கம் செய்யவும் வந்துவிட்டது. 1707இல் எருசலேம் ஆலயத்தைக் கட்டினார்கள். பள்ளிக்கூடம், ஞானோபதேச வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்று வேலை குவிந்தது. வேறு யாராக இருந்தாலும், மொழி வந்துவிட்டதே, இனிப் பேசினால் போதும் என்று இருந்திருப்பார்கள். இவர் அப்போதுதான் படிப்பைத் தீவிரமாக்கினார்.

அந்த நாள்களின் அட்டவணையைத் தம் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு வரை, முன்பு குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை, அதுவரை படித்திராத தமிழ் நூல்களை மட்டும் படிப்பது. அருகில் ஒரு முதிய புலவர், ஓர் எழுத்தர். புதிய சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். பாட்டு கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் விரித்துச் சொல்வார். சாப்பிடும் நேரத்திலும் யாராவது வாசிக்க இவர் கேட்பார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மறுபடியும் நூல்கள். இரவு ஏழு மணிக்கு மேல் கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்று, பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

எனக்கு இதில் பெரும் வியப்பு அந்தக் காலை நான்கு மணி நேரம்தான். கற்பிக்க வந்த மனிதர், உடம்பிலும் மனசிலும் தெம்பு நிறைந்திருக்கும் பொழுதை மாணவனாக இருப்பதற்கு ஒதுக்கினார். அதுவும் யாரை மாற்ற வேண்டும் என்று வந்தாரோ, அவர்களுடைய நூல்களுக்கு முன்னால். ஏடுகளைத் தேடி எழுத்தர்களை வெளியூர்களுக்கு அனுப்பினார். 1708இல் அவர் எழுதிய பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இருக்கின்றன. திருக்குறளும் தொல்காப்பியமும் அவற்றில் உண்டு. அதே ஆண்டு கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். இந்த மக்களுக்குக் கல்வியோ ஒழுங்கோ கிடையாது என்று எண்ணித்தான் வந்தேன், அவர்கள் நூல்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் தவறென்று கண்டேன் என்று ஐரோப்பாவுக்குத் தெளிவாகவே எழுதினார். அவருடைய விசுவாசம் அதனால் தளரவில்லை. கோயில் வழிபாட்டைப் பற்றிய அவருடைய கண்டனமும் கடைசிவரை இருந்தது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேட்காமல் கண்டிப்பவராக அவர் இருக்கவில்லை.

அந்தப் புலவரையும் எழுத்தரையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களோடு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அழகப்பன். போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் தெரிந்த தமிழர். பாதிரியார்களுக்கு உதவியதற்காக அவர் தரங்கம்பாடியைவிட்டு வெளியேற நேர்ந்தது, தஞ்சாவூரில் சிறையும் கிடைத்தது. மொழியை எடுத்துக் கொடுத்தவர் கொடுத்த விலை அது. சீகன்பால்கின் வாரம் அவ்வளவு நிறைவாக இருந்ததென்றால், அதில் பாதி இவர்களுடைய உழைப்பு.

சீகன்பால்குக்கும் சிறை வந்தது. ஒரு விதவைப் பெண்ணின் கடன் வழக்கில் தலையிட்டதற்காகத் தளபதி இவரை 1708 நவம்பரில் டேனிஷ் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம். வெளியே வந்ததும், ஏற்கெனவே தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711 மார்ச்சில் முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர, அச்சுக்கூடமும் அமைந்தது. 1715இல் அந்த நூல் முழுமையாக அச்சாகி வெளிவந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் காலமானார். தரங்கம்பாடியில் தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தக் காலை வகுப்புகளிலிருந்து இன்னொரு நூலும் பிறந்தது. சிவன், திருமாலிலிருந்து ஐயனார், மாரியம்மன், எல்லையம்மன் வரை இங்குள்ள தெய்வங்களை முறையாக விவரித்து 1713இல் அவர் ஜெர்மனில் எழுதியது. ஹாலேயில் அவரை ஆதரித்த பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவருடைய எண்ணம். நூல் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கிராமங்களில் எந்தத் தெய்வத்தை எப்படிக் கும்பிட்டார்கள் என்று அறிய, ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.