எனக்கு ஒன்றும் ஆகாது, என்னால் ஒன்றும் ஆகாது

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கென்று அந்நாட்டு அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. இறக்கை எப்படித் தூக்குகிறது, மேகம் எப்படித் திரள்கிறது என்று விளக்கிக்கொண்டே போகும் அந்த நூல், ஓரிடத்தில் மனித சுபாவத்தைப் பேச ஆரம்பித்துவிடுகிறது. விமானிக்கு ஆபத்தான மனப்போக்குகள் ஐந்து என்கிறது. யாரும் எனக்கு விதி சொல்ல வேண்டாம் என்பது ஒன்று. யோசிக்காமல் உடனே எதையாவது செய்துவிடும் அவசரம் இன்னொன்று. எனக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு, என்னால் முடியும் பார் என்று காட்டத் துடிப்பது, கடைசியாக, என்னால் என்ன ஆகப்போகிறது என்று கையை விரித்துவிடுவது.

நீதி நூல்களை வகுப்பில் நடத்துகிறவளுக்கு இது பழகிய அடுக்குதான். ஆனால் நம் நீதி நூல்களில் தீய குணத்துக்கான விலை மறுமையில் வரும், அல்லது பழியாக வரும். இங்கே அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

பெரிய நிறுவனங்களின் விமானத்தில் பக்கத்தில் இன்னொரு விமானி இருப்பார். இன்று புறப்படலாமா என்று பார்க்கத் தரையிலும் ஆள் இருப்பார். சம்பளமில்லாமல் தன் காசில் பறக்கும் தனி விமானிக்கு அவர்கள் யாரும் இல்லை. வானிலையைப் பார்ப்பதும், போகலாம் என்று சொல்வதும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதும் அவர் ஒருவரே. சட்டமும் இறுதி அதிகாரத்தை அவர் கையில்தான் கொடுக்கிறது. அதனால்தான் அவருடைய சுபாவமே விமானத்தின் ஒரு பாகமாகிவிடுகிறது. இந்த விமானிகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுபவை எல்லாமே இதிலிருந்து பிறப்பவை: தன்னை நம்புதல், எதையும் தன் பிடியில் வைத்திருத்தல், பிறர் தலையிட்டால் எரிச்சல். பறக்க வைப்பதும் இவைதான், விழ வைப்பதும் இவைதான்.

என் தங்கை மகள் டெக்சாஸில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் விமானம் ஓட்டப் பழகுகிறாள். இந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியவள் அவள்தான். நான்காவது மனப்போக்குக்கு நூல் வைத்திருக்கும் பெயர் ‘மாச்சோ’. “பெரியம்மா, இதுக்குத் தமிழ்ல என்ன சொல்றது?” என்று கேட்டிருந்தாள். ஆண்மை என்று எழுதக் கை வரவில்லை. தமிழில் அது புகழ்ச்சி. வள்ளுவர் பேராண்மை என்ற சொல்லைப் பிறன்மனை நோக்காதவனுக்குத் தருகிறார். கடைசியில் ‘வீம்பு’ என்று எழுதி அனுப்பினேன். நல்ல சொல்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் அந்தச் சொல்லைப் போட்டதும், இந்தக் குணத்தை யாரிடம் தட்டிக்கொடுத்து வளர்த்தோம் என்ற சாட்சியம் காணாமல் போய்விடுகிறது. கையேட்டை எழுதியவர்களுக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்கும் போல. இது ஆண்களின் குணமாகக் கருதப்பட்டாலும் பெண்களும் இதே அளவு இதற்கு ஆட்படக்கூடியவர்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறார்கள்.

1999 ஜூலை 16 அன்று ஜான் எஃப். கென்னடியின் மகன், அப்பாவின் பெயரையே கொண்டவர், நியூ ஜெர்சியிலிருந்து இரவு 8:38க்குத் தன் பைப்பர் சாரடோகா விமானத்தைக் கிளப்பினார். குடும்பத்தில் ஒரு கல்யாணம். உடன் மனைவி கேரலினும் கேரலினின் அக்கா லாரனும். கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. கடலின் மேல் புகைமூட்டம், இருட்டு, அடிவானம் தெரியாத இரவு. அப்படிப்பட்ட நேரத்தில் உடம்பு பொய் சொல்லும். சாய்ந்து சரிந்துகொண்டிருக்கையில் நேராகப் போவதாகவே தோன்றும். மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நெருங்கும்போது விமானம் கடலில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். திசையுணர்வு தடுமாறிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பதே விசாரணை அறிக்கையின் முடிவு. அந்த அறிக்கையில் ஒரு சிறு செய்தி உண்டு. நானும் கூட வரட்டுமா என்று அன்று ஒரு பயிற்றுநர் கேட்டிருக்கிறார். தனியாகச் செய்ய விரும்புவதாக விமானி சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு சொல்லை வைத்து இறந்தவரின் மனதை அளக்க எனக்கு உரிமையில்லை. கற்றதைத் தானே செய்து பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் ‘தனியாக’ என்ற சொல்லை என்னால் கடந்து போக முடியவில்லை. விமானத்தில் மூன்று பேர் இருந்தார்கள். இன்னொரு விமானி இல்லாமல் என்பதே இங்கே அந்தச் சொல்லின் பொருள். உடன் வரும் உயிர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. இந்த இலக்கணம் வானத்தில் மட்டும்தான் இருக்கிறதா என்ன. தனி ஆளாக நின்று குடும்பத்தைக் கரையேற்றினேன் என்று சொல்லும் ஆண்களின் வீடுகளில் அடுப்பு யார் கையில் எரிந்தது?

அச்சம், நாணம், மடம் மூன்றைப் பெண்ணுக்கும், பெருமை, உரன் இரண்டை ஆணுக்கும் தொல்காப்பியம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. விமானப் பயிற்சியிலோ அச்சம் திறமையில் சேர்த்தி. உடம்பு சரியில்லையா, மருந்து சாப்பிட்டிருக்கிறாயா, மன அழுத்தமா, குடித்தாயா, களைப்பா, யார்மீதாவது கோபமா என்று புறப்படுமுன் தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். பாதி வழியில் திரும்பி வருவதைப் பாராட்டுகிறார்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவரும் அறிவுடைமையில்தான் வைத்தார். அப்படியானால் பெண்கள் இயல்பிலேயே நல்ல விமானிகள் என்று முடிவு கட்டச் சிலருக்கு ஆசை வரும். எனக்கு வரவில்லை. பழைய அச்சத்துக்குப் புதுச் சட்டை போடும் வேலை அது.

உண்மையில் திரும்பி வருவது பெண்ணுக்குத்தான் அதிகக் கடினம். 1929 ஆகஸ்டில் சாண்டா மோனிகாவிலிருந்து கிளீவ்லாந்துக்குப் பெண்களுக்கான விமானப் போட்டி நடந்தது. நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸ் அதற்குப் பவுடர் பஃப் போட்டி என்று பெயர் வைத்தார். வழியில் அரிசோனாவில் மார்வெல் கிராசன் விழுந்து இறந்தார். உடனே போட்டியை நிறுத்துங்கள், பெண்களால் இது ஆகாது என்ற குரல்கள் எழுந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஆண்கள் ஓட்டிய டோல் போட்டியில், ஹவாய்க்குப் போன விமானங்கள் பசிபிக்கில் காணாமல் போயின. அன்றும் கண்டனம் எழுந்தது, போட்டியின் மீது. ஆண்கள் பறக்கத் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. 1929இன் பெண்கள் நிறுத்தாமல் ஓட்டி முடித்தார்கள். லூயிஸ் தேடன் வென்றார். அதே நவம்பரில் பெண் விமானிகளின் சங்கம் தொடங்கியது. முதல் உறுப்பினர்கள் 99 பேர் என்பதால் அந்த எண்ணே அதன் பெயரானது. இன்றும் அந்நாட்டில், மாணவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், விமானிகளில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள்கூட இல்லை. இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு பெண் வானிலை பார்த்துத் திரும்பினால் அவள் மட்டுமா திரும்புகிறாள்? பெண்களே பயந்து திரும்பியதாகப் பேச்சாகிறது. வீம்பு பெண்ணிடம் இந்த வாசல் வழியாகவும் நுழைகிறது. கையேட்டின் அந்த வாக்கியம் இதைச் சொல்வதில்லை.

ஐந்தில் எனக்கு அதிகம் யோசனை தந்தது கடைசி மனப்போக்கு. எனக்கு ஒன்றும் ஆகாது என்பவனும், என்னால் ஒன்றும் ஆகாது என்பவளும் எதிரெதிர்த் துருவங்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஒன்று கர்வம், மற்றது பணிவு. கையேடு இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. இருவருமே கையிலிருக்கும் சக்கரத்தை விட்டுவிடுகிறார்கள். பணிவைப் பெண்ணின் அணிகலனாக்கிய மரபில் படித்து வளர்ந்த நமக்கு, அது ஆளைக் கொல்லும் குணம் என்று ஓர் அரசு நூல் அச்சிட்டிருப்பது சின்ன விஷயமல்ல.

ஆனாலும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. “என்ன மேடம் பண்றது, வீட்ல முடிவு பண்ணிட்டாங்க” என்று இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் இது உன் மனப்போக்கின் குறை என்று எப்படிச் சொல்வேன்? விமானியின் முன்னால் சக்கரம் இருக்கிறது. அவர்கள் முன்னால் அதை யாரும் வைக்கவே இல்லை. கையை விரிப்பது குற்றமாவது கையில் ஏதாவது கொடுத்த பிறகுதான்.

விமானத்தில் அப்படிச் சக்கரமில்லாமல் இருப்பவர் பக்கத்து இருக்கைக்காரர். விமானி மயங்கிவிட்டால் எப்படித் தரையிறக்குவது என்று அவருக்குச் சொல்லித்தரப் பல வருடங்களாக அமெரிக்காவில் ஒரு பயிற்சி இருக்கிறது. விமானிகளில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால் அந்த இருக்கையில் பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், மயங்கிய விமானிக்கு. நல்ல நினைவோடு தவறான முடிவெடுக்கும் விமானியிடம் என்ன பேசுவது? பெரிய நிறுவனங்கள் இதற்கு வழி கண்டன. 1977இல் டெனெரீஃப் தீவின் ஓடுதளத்தில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அது போன்ற விபத்துகளுக்குப் பிறகு, இளையவர் வாய் திறந்து மறுக்கவும் மூத்தவர் காது கொடுத்துக் கேட்கவும் தனியாகப் பயிற்சி வந்தது. சின்ன விமானத்தில் அம்மாவும் மனைவியும் அக்காவும் இளையவர்கள்கூட இல்லை, வெறும் பயணிகள்.

தங்கை மகள் உரிமம் வாங்கியதும் என்னை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள். போவேன். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், இன்று போகாவிட்டால் என்ன ஆகிவிடும், நான் திரும்பு என்று சொன்னால் திரும்புவாயா என்று மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவதை முதலில் கேட்பேன்.