பழகிய காது

காரை விற்றுப் பதினொரு வாரம் ஆகியிருந்தபோது கொட்டாஞ்சேனையிலிருந்து நண்பன் தொலைபேசியில் அழைத்தான். அம்மாவின் சுகத்தைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவது அவன் வழக்கம். அன்று கேட்கவில்லை. "மச்சான், ஒண்ணு சொல்லு. ஒனக்கு இது முதலே தெரியுமா?"

"தெரியாதுடா" என்றேன். மனதறிந்து பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒற்றைச் சொல் என்னை விடவில்லை. எத்தனையோ இரவு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

கார் ஒரு டொயோட்டா அக்வா, ஹைபிரிட். ஜப்பானில் கொஞ்சம் ஓடி, கப்பலேறி, 'ரீகண்டிஷன்' என்ற பெயரோடு இங்கே வந்தது. வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஏழு வருடம் நின்றது. அதற்கும் கடலுக்கும் இடையில் ஒரு வீதியும் ஒரு ரயில் பாதையும் மட்டுமே.

மகளின் படிப்புச் செலவுக்காக 2023 பெப்ரவரியில் அதை விற்க முடிவெடுத்தேன். அது எப்படிப்பட்ட காலம் என்பதைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் திறந்தது. இடையில் 2022 மார்ச்சில் ரூபா சரியத் தொடங்கி, டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற விலை இரண்டொரு மாதத்தில் 360ஐத் தாண்டியது. புதுக் கார் வராத நாட்டில் பழைய கார் தங்கம் போல ஆயிற்று. வாங்கிய விலையைவிடக் கூடக் கேட்பது எவருக்கும் கூச்சமாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நண்பனிடம் இருந்தது ஒரு பழைய நிசான் சன்னி. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெட்ரோல் என்று கட்டுப்படுத்தியபோது அந்தக் கார் அவனை வாட்டி எடுத்தது. ஹைபிரிட் ஒன்று கிடைத்தால் நல்லது என்று அன்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். சந்தை விலையில் இரண்டு இலட்சம் குறைத்து அவனுக்கே கொடுத்தேன். அந்த இரண்டு இலட்சத்தோடு நட்புக்கான என் கடமை முடிந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

கொழும்பில் பழைய கார் வாங்குகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது ஊரறிந்தது. தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர் காந்தத்தைக் கதவில் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டாத இடத்தில் தகட்டுக்கு மேல் பட்டி பூசியிருக்கிறது. வெள்ளவத்தைக் கார் என்றால் தரையில் படுத்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். கடற்காற்றின் உப்பு முதலில் தின்பது அதைத்தான். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டிப் பக்கம் முழுக்க நீரில் கிடந்த பிறகு, காரின் கால்மிதியைக் கிளப்பி முகர்ந்து பார்க்கிற பழக்கமும் வந்தது. பிறகு ஸ்கேன். ஹைபிரிட் என்றால் பற்றரிக் கட்டைகள் எவ்வளவு வோல்ட் காட்டுகின்றன என்று அந்தக் கருவி சொல்லிவிடும்.

நண்பன் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. "ஒன் கார் தானே மச்சான், எதுக்கு ஸ்கேன்?" என்று சாவியை வாங்கிக்கொண்டான். அந்தக் கணத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவின் உடலைப் பொரளை கனத்தைக்குக் கொண்டுபோனபோது என் பக்கத்தில் தோள் கொடுத்தவன் அவன். இருபத்தைந்து வருடப் பழக்கம் ஒரு ஸ்கேனைவிடப் பெரிது என்று இருவருமே நம்பினோம்.

பதினோராம் வாரம் ஆமர் வீதிச் சந்தியில் காரின் எச்சரிக்கை விளக்கான சிவப்பு முக்கோணம் எரிந்தது. அக்வாவின் ஹைபிரிட் பற்றரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இருபது கட்டைகள், மொத்தம் 144 வோல்ட். அவை சூடாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன விசிறி உண்டு. பின்சீட்டுப் பக்கம் உள்ள ஒரு துளை வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றையே அது இழுத்து உள்ளே அனுப்பும். அந்தத் துளையின் வலையில் தூசும் துணிநூலும் தலைமயிரும் சேர்ந்து அடைத்தால் காற்று குறையும். விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். கட்டைகள் வெந்து ஆயுள் தேயும். ஒரு கட்டை செத்தாலும் முழுப் பற்றரியும் படுத்துவிடும்.

பஞ்சிகாவத்தையில் ஒரு கராஜில் பற்றரியை இறக்கிப் பார்த்தார்கள். இரண்டு கட்டை முடிந்திருந்தது. மற்றவையும் நல்ல நிலையில் இல்லை. இரண்டை மட்டும் மாற்றலாம், ஆனால் கூடிய சீக்கிரம் இன்னொன்று போகும். முழுவதையும் மாற்றுவது உத்தமம் என்றார் பாஸ். முழுவதையும் மாற்ற நண்பனிடம் காசு இல்லை. இரண்டை மாற்றினான். பாதிச் செலவை நான் கொடுத்தேன். அதிலிருந்து ஆறாவது வாரம் மூன்றாவது கட்டை போனது.

இந்த இரண்டாவது பில்லில்தான் நாங்கள் முறிந்தோம். பாஸ் சொன்னபோதே முழுசாக மாற்றியிருந்தால் இது வந்திருக்குமா என்று நான் கேட்டேன். முழுசாக மாற்ற நீ பாதி தந்திருப்பாயா என்று அவன் கேட்டான். இரண்டு இலட்சம் குறைத்ததை நான் சொல்லிக்காட்டினேன். சொல்லிக்காட்டிய மறுநொடியே அது அன்பளிப்பு என்ற தன்மையை இழந்தது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. பில்லைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினான். கீழே ஒரு சொல்கூட எழுதவில்லை. வருடா வருடம் ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு அவனோடு போவேன். அந்த வருடம் போகவில்லை.

மத்தியஸ்த சபைக்குப் போகலாமே என்றார் உறவினர் ஒருவர். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபைகள் அவை. வழக்காகாமல் பேசித் தீர்க்கிற நல்ல ஏற்பாடு. அந்த மேசையின் இரு பக்கமும் நானும் அவனும் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். உடம்பு கூசியது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்க்கிற ஆசை வந்தது. நான் சரியென்று நிரூபிக்கத்தான் தேடினேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பெரும்பாலும் என் பக்கம்தான் நின்றது. அது ஆங்கிலேயர் தம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. வியாபாரியாக இல்லாத ஒருவர் தன் பழைய பொருளை விற்கும்போது, உறுதி எதுவும் கொடுக்காவிட்டால், தரத்தைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பாடு. ஆறுதலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். ஒல்லாந்தர் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டத்தின் வேரில் பழைய உரோமைச் சந்தை அதிகாரிகளின் கட்டளை ஒன்று இருக்கிறது. கால்நடைகளையும், அந்தக் காலத்தின் கொடுமையாக அடிமைகளையும் விற்பவர்கள் குறைகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது அது. அறிவிக்காத குறை பிறகு தெரியவந்தால் விற்றவரே பொறுப்பு. தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னாலும் பொறுப்புத்தான். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சட்ட அறிஞர் உல்பியன் அதற்குக் கொடுத்த காரணம் என்னை நிறுத்திவிட்டது. விற்றவரின் தந்திரத்தால் ஏமாந்தாலும் அறியாமையால் ஏமாந்தாலும் வாங்கியவருக்கு நட்டம் ஒன்றுதான். விற்றவரோ அந்தக் குறையை அறிந்திருக்கக் கூடியவர்.

அறிந்திருக்கக் கூடியவர். நான் அறிந்திருக்கக் கூடியவனா?

பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்கு அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டோவின் இரைச்சலைப் பற்றி நான் ஏதோ சொல்ல, அம்மா சொன்னா: "உன்ரை காரிலையும் சத்தம்தானே. காதுக்கை காத்து ஊதுறமாதிரி. எத்தினை தரம் சொன்னனான்."

சொன்னவதான். பின்சீட்டில் எப்போதும் இருந்தது அம்மா. அந்தத் துளைக்குப் பக்கத்தில், விசிறி மூச்சு வாங்கிய இடத்தில். முதல் தடவை சொன்னபோது ஏ.சி.யின் சத்தம் என்றேன். இரண்டாவது தடவை ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினேன். அதற்குப் பிறகு அம்மா சொன்னது எனக்குக் கேட்கவேயில்லை. ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் என் காரின் பின்சீட்டில் இருந்ததில்லை.

பழைய கார் விற்பனையை வைத்து 1970இல் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற பொருளியலாளர் எழுதிய கட்டுரை ஒன்று பெரிதாகப் பேசப்பட்டது. 2001இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் நல்ல காருக்கும் நல்ல விலை கிடைக்காமல் சந்தையே கெட்டுப்போகிறது என்று அவர் காட்டினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கணக்கில் விற்பவர் எல்லாம் தெரிந்தவர். காதில் விழுந்தும் மனதில் ஏறாமல் விட்ட என்னைப் போன்றவன் அதில் இல்லை. என் அனுபவத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். தினமும் பார்க்கிற பொருளின் குறை கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை விட்டுப் போகிறது. கதவை இரண்டு தரம் அறைந்து சாத்துகிறவனுக்கு அது கோளாறாகத் தெரியாது; கார்க் கதவு என்றாலே அப்படித்தான் என்று அவன் கை பழகியிருக்கும்.

மனிதர்களிடம் இந்தப் பழக்கம் நல்லது. திருக்குறளில் நட்பைப் பற்றிய அதிகாரங்களில் ஒன்றுக்குப் 'பழைமை' என்றே பெயர். நெடுநாள் நண்பர் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமையையும், அதைப் பிழையாக எண்ணாத மனதையும் பற்றியது. நான் எங்கும் அரை மணி பிந்திப் போகிறவன். இருபத்தைந்து வருடமாக அவன் எனக்கு மட்டும் அரை மணி முந்திய நேரத்தைச் சொல்லி வந்திருக்கிறான் என்பதை அவன் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். என் குறையைத் திருத்தவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. அதற்கு இடம்விட்டு வாழ்ந்திருக்கிறான். அந்த மாதிரியான பழகிய காதில்லாமல் எந்த நட்பும் பத்து வருடம் தாங்காது.

அதே காதோடு நான் காரை விற்றேன். பிழை அங்கேதான். அந்நியன் ஒருவன் வந்திருந்தால் காந்தத்தோடும் பாஸோடும் வந்திருப்பான், ஸ்கேன் பண்ணியிருப்பான், தன்னைத் தானே காத்திருப்பான். நண்பன் அதையெல்லாம் கைவிட்டுவிட்டு வந்தான். சோதனை தேவையில்லை என்றா அதற்குப் பொருள்? இல்லை. தனக்காகச் சோதிக்கும் வேலையை என் கையில் ஒப்படைத்தான். அவன் கூட்டிவராத அந்த பாஸ் நான்தான். தரையில் படுத்துப் பார்த்திருக்க வேண்டியவன், பின்சீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டியவன், அம்மா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். விலை பேசிய அந்த ஒரு பின்னேரம் மட்டும், பழகிய காதைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் தடவை பார்ப்பவன் போல என் காரைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு இலட்சத்தைக் குறைப்பதைவிட அது கடினம். அவனுக்குத் தேவையாக இருந்ததும் அதுதான்.

ஞாயிறு பூசை முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புனித லூசியா பேராலயத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில், வாசலில் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் துணியைப் பிழிந்தான், ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியும்டா" என்றேன். "அம்மா சொன்னவ. நான்தான் காதிலை எடுக்கேல்லை."

கொண்டுபோன காசை நீட்டினேன். எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தான். பாதியைத் திருப்பி எடுத்து என் பையில் திணித்தான். நான் மறுத்தேன், அவன் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு "அம்மா எப்பிடி இருக்கா?" என்று கேட்டான்.

பஞ்சிகாவத்தைக்குப் போகவேண்டியிருந்தது. முன்கதவைத் திறந்துவிட்டான். நான் பின்னால் ஏறினேன். முழங்கால் முன்சீட்டில் இடித்தது. இவ்வளவு நெருக்கமா என்று நினைத்தேன். அம்மா இதையும் சொல்லியிருப்பா. ஆமர் வீதிச் சிக்னலில் நின்றபோது இயந்திரம் தானாக அணைந்து கார் அமைதியானது. குனிந்து அந்தத் துளையருகே காதை வைத்தேன். மெல்லிய ஊதல், விட்டு விட்டு.

"கேக்குதா?" என்றான் முன்னாலிருந்து.

"கேக்குது. கொஞ்சம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல்ல மச்சான்."

பச்சை விழுந்து கார் நகரும்வரை காதை எடுக்காமல் அப்படியே இருந்தேன்.